கட்டில் பாக்க வாற ஆக்கள்

இதிலை ஆரும் இருக்கினமோ தம்பி? இல்லைத்தானே. அப்ப உந்தப் பையை எடுத்து மடியிலை வைச்சுக்கொள்ளுங்கோ, நான் இருக்கப்போறன். முழங்கால் நோ. இந்த லண்டன் பஸ்ஸிலை நிண்டுகொண்டு போனனெண்டா இறங்கேக்கை என்னைத் தூக்கித்தான் இறக்கோணும். நீங்கள் போனிலை அம்மாவோடை கதைச்சது காதிலை விழுந்தது. ஒட்டுக் கேக்கேல்லை, தானா விழுந்தது. "சாப்பிட்டனான், சாப்பிட்டனான்" எண்டு மூண்டு தரம் சொன்னியள். நீங்கள் சாப்பிடேல்லை. பொய் சொல்லுற ஆக்களை எனக்கு உடனை தெரியும்.

இந்தப் பெட்டியிலை புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் இருக்கு. உங்களுக்கில்லை, குறை நினைக்காதேங்கோ. இது அருளம்பலம் ஐயாவுக்கு. கிழமைக்கு மூண்டு தரம் கொண்டுபோறன். சொந்தமோ எண்டு கேக்கிறியளோ? சொந்தமுமில்லை பந்தமுமில்லை. அந்த மனுசனுக்கு ஒரு போம் நிரப்பிக் குடுத்தனான், அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு. நல்லது செய்யப்போன எனக்கு இப்ப ரெண்டு மாசமா ஒழுங்கான நித்திரை இல்லை. நான் இறங்க இன்னும் பன்ரண்டு தரிப்பு இருக்கு. சொல்லுறன், கேளுங்கோ.

என்ரை பேர் தவமலர். வியாழக்கிழமையிலை லைப்ரரியிலை, பின்பக்கத்து மேசையிலை இருப்பன். எங்கடை சனத்துக்கு வாற கடிதங்களை வாசிச்சுச் சொல்லுறது, போம் நிரப்புறது, போன் எடுத்துக் கதைக்கிறது. ஆரும் என்னை அந்த வேலைக்கு வைக்கேல்லை, நானாப் போய் இருந்தனான். பதினொரு வருசமாகுது. காசு வாங்கிறதில்லை. ஆராவது மனமார ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்தா வேண்டாமெண்டு சொல்லுறதுமில்லை.

ஒரு லோன் இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, நீங்கள் உழைக்கிற பிள்ளை. எங்களை மாதிரி அரசாங்கத்தின்ரை உதவிக்காசிலை இருக்கிற ஆக்களுக்கு அரசாங்கமே ஒரு கடன் குடுக்கும். வட்டி இல்லை. ஒரு சதமும் இல்லை. பிறகு அந்த உதவிக்காசிலையிருந்தே கொஞ்சங் கொஞ்சமாக் கழிச்செடுப்பினம். எங்கடை ஆக்களிட்டை வட்டிக்கு வாங்கிப் பாருங்கோ, கலியாண வீட்டுப் பந்தியிலை வைச்சுக் கேப்பினம், வாயிலை வைச்ச சோறு இறங்காது. அரசாங்கம் அப்பிடி மானத்தை வாங்காது. ஆனா என்னத்துக்குக் காசு எண்டு போமிலை சொல்லோணும். அதுக்கு ஒரு பட்டியல் வைச்சிருக்கினம். கட்டில் கதிரை, உடுப்பு, சப்பாத்து, வீடு திருத்திறது, செத்தவீடு, அப்பிடி.

நான் எப்பவும் கட்டிலெண்டுதான் எழுதுறது. கட்டிலெண்டா மறு கேள்வி இல்லை, மனுசன் படுக்கோணும்தானே. நான் எழுதின போம் ஒண்டும் இண்டுவரைக்கும் திரும்பி வந்ததில்லை. என்ன, என்ரை போமுகளை வைச்சுப் பாத்தா இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சனத்திலை பாதிப்பேர் வெறும் நிலத்திலைதான் படுக்கினம். பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கும் கட்டில். காரைத் திருத்தவும் கட்டில். ஒரு மனுசி தன்ரை புருசனிட்டையிருந்து பிரிஞ்சு போறதுக்குக் கட்டில் எழுதிக் குடுத்தனான், அவ இப்ப சந்தோசமா இருக்கிறா. சிரிக்கிறியள். சிரியுங்கோ, நானும் சிரிச்சுக்கொண்டுதான் எழுதினனான்.

அருளம்பலம் ஐயா ஊரிலை போஸ்மாஸ்டரா இருந்தவர். சின்னத் தபால் கந்தோர், அவரும் ஒரு பியோனும்தான். சண்டைக்கை இடம்பெயரேக்கை சனமெல்லாம் நகையையும் பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு ஓட, இந்த மனுசன் கந்தோரின்ரை முத்திரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினவராம். அகதி முகாமிலை அதைத் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டு படுத்தவராம். ஆறு மாசம் கழிச்சு ஒரு முத்திரை குறையாமல் பெரிய கந்தோரிலை கொண்டுபோய்க் குடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தவராம். அவற்ரை மனுசி சாகும்வரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லி ஏசுவா. "என்ரை தாலிக்கொடியை விட்டிட்டு வந்திட்டார், முத்திரையைக் கொண்டு வந்திட்டார்" எண்டு. அவ போய் நாலு வருசம். பிள்ளையள் இல்லை. ஒரு அறையும் குசினியுமா ஒரு வீடு, மூண்டாம் மாடி.

இந்தக் கதை எனக்கு முந்தியே தெரியும் எண்டதை மனசிலை வைச்சுக்கொள்ளுங்கோ. தெரியாமல் செய்தனெண்டு நான் சொல்ல ஏலாது.

மாசி மாசம். சரியான குளிர். வந்து மேசைக்கு முன்னாலை நிண்டார். இருங்கோ ஐயா எண்டாத்தான் இருப்பார், அப்பிடியான ஆள்.

"பிள்ளை, எனக்கொரு கடன் எடுக்கோணும். அரசாங்கத்திலை வட்டியில்லாமல் குடுக்கினமாம்."

"என்னத்துக்கு ஐயா?"

"தங்கச்சியைப் பாக்க. பரிபூரணத்துக்குக் கடுமை. டொக்டர் ஒரு மாசம், மிஞ்சினா ஒண்டரை எண்டு சொல்லிப்போட்டார். டிக்கெட்டுக்குப் பாதிக்கு மேலை என்னட்டை இருக்கு. மிச்சந்தான் இல்லை."

அந்தப் பரிபூரணம் கலியாணம் கட்டாத மனுசி. இவர் வெளிக்கிட்டு வரேக்கை தாயைப் பாக்கவெண்டு நிண்டவ, தாய் செத்தாப் பிறகும் அந்த வீட்டிலைதான். இருபத்தாறு வருசம் ரெண்டு பேரும் முகம் பாக்கேல்லை. முதல் இவருக்கு விசா இல்லை, பிறகு விசா கிடைச்சுது காசு இல்லை, பிறகு மனுசிக்கு வருத்தம். ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்தா அவ ஒண்டுதான் கேப்பாவாம், "அண்ணை, எப்ப வாறியள்?" இவர் "வாறன், வாறன்" எண்டு சொல்லிச் சொல்லியே தலை நரைச்சுப் போச்சு.

நீங்களே அந்த மிச்சத்தைக் குடுத்திருக்கலாமே எண்டு பாக்கிறியள். குடுத்திருக்கலாம்தான். சீட்டுக்காசு வந்திருந்தது. ஒரு சொல்லுக் கேட்டிருந்தாக் குடுத்திருப்பன். அவர் கேக்கேல்லை.

"ஐயா, ஊருக்குப் போற செலவு பட்டியலிலை இல்லை. கட்டிலெண்டு போடுறன்" எண்டன்.

"என்னட்டைக் கட்டில் இருக்கே."

"திரும்பிப் படுக்கேக்கை சத்தம் போடுதோ?"

யோசிச்சார். நேர்மையா யோசிச்சார். "கொஞ்சம் போடுது."

"அப்ப அது பழுதாப்போன கட்டில்."

பக்கத்திலை நிண்ட ஆக்கள் சிரிச்சினம். அவர் சிரிக்கேல்லை. போமை வாங்கி ஒரு எழுத்து விடாமல் வாசிச்சார், கீழை சின்ன எழுத்திலை இருக்கிறதையும். "நான் சொன்ன விபரங்கள் உண்மையானவை" எண்ட இடத்திலை விரலை வைச்சுக்கொண்டு கனநேரம் இருந்தார். பிறகு கையெழுத்து வைச்சார். எழுத்துக் கோணலா விழுந்தது. குளிரெண்டு நினைச்சன், இல்லை, அப்பிடி நினைக்க எனக்கு வசதியா இருந்தது.

ரெண்டு கிழமைக்குள்ளை காசு வந்திட்டுது. அவர் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையிலை போட்டு எடுத்துக்கொண்டு லைப்ரரி திறக்க முன்னமே வந்து வாசலிலை நிண்டார். ஒரு கேள்வி கேட்டார். நானும் ஒரு மறுமொழி சொன்னன். அதுக்குப் பிறகு அவர் போய் அந்தக் காசிலை கட்டிலை வாங்கிப்போட்டார். நடந்தது அவ்வளவுதான்.

ஏன் வாங்கினவரெண்டோ? நேர்மை தம்பி. சில பேருக்கு அது ஒரு வருத்தம், மருந்து இல்லை.

கட்டில் வாங்கினது என்ரை அத்தான்ரை கடையிலை, மூத்தக்காவின்ரை புருசன். நான்தான் அனுப்பினனான், தெரிஞ்ச இடமெண்டா விலை குறைப்பினம் எண்டு. நான் ஒரு கமிசனும் வாங்கேல்லை. அத்தான் ரெண்டு தலகணி தந்தவர். நான் கேக்கேல்லை, அவர் காருக்குள்ளை கொண்டுவந்து போட்டார். நல்ல தலகணி. கடைப் பெடியள் புதுக் கட்டிலைப் பூட்டிப்போட்டு, பழசைக் கழட்டிக் கொண்டுபோட்டினம். அதுக்கும் அத்தான் காசு எடுக்கேல்லை.

பங்குனி இருபத்தொண்டு, பரிபூரணம் கண்ணை மூடிப்போட்டா.

எனக்கு அங்கையிருந்து போன் வந்தது, ஏனெண்டா ஐயாவிட்டை இருக்கிறது பழைய போன், படம் தெரியாது. செத்தவீட்டை அவருக்குக் காட்டோணும் எண்டு பக்கத்து வீட்டுப் பெடியன் என்ரை நம்பர் எடுத்துக் கதைச்சவன். அடுத்த நாள் காலமை போனன். அங்கை மத்தியானம். அவரைக் கதிரையிலை இருத்தி, நான் பக்கத்திலை நிண்டு போனைப் பிடிச்சன். பந்தல், பறை, வெள்ளைச் சேலையோடை நாலைஞ்சு பெண்டுகள். கனபேர் இல்லை, எல்லாரும் வெளிநாட்டிலைதானே. பெடியன் போனைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனான்.

"இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோகச் சொல்லு பிள்ளை. முகம் வடிவாத் தெரியேல்லை."

கொண்டுபோனான். சின்ன முகம். மூக்குக்குப் பஞ்சு வைச்சுக் கிடந்தது.

"ஆட்டாதை பிள்ளை" எண்டார் ஐயா. அப்பதான் கண்டன், படம் ஆடினது அங்கையில்லை, என்ரை கை.

அவர் அழேல்லை. "எங்கடை அம்மா மாதிரி வந்திட்டா" எண்டு மட்டும் சொன்னார். பிறகு லைன் அறுந்துபோச்சுது. திரும்ப எடுக்கேக்கை பெட்டியை மூடிப்போட்டினம்.

தேத்தண்ணி போடுவமெண்டு எழும்பின நான் அப்பதான் அந்தக் கட்டிலைப் பாத்தன். கடையிலையிருந்து வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் கழட்டேல்லை. மெத்தையிலை ஒரு சுருக்கு இல்லை. கால்மாட்டிலை கடைப் பில்லை நூலாலை கட்டித் தொங்கவிட்டிருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலை, இந்தளவு இடத்திலை, ஒரு பாயும் மடிச்ச போர்வையும்.

"ஐயா, நிலத்திலையோ படுக்கிறியள்?"

"ஓம் பிள்ளை."

"ஏன் கட்டில் சரியில்லையோ? அத்தானிட்டைச் சொல்லட்டோ?"

"சீச்சீ, நல்ல கட்டில். நான் படுத்தா மெத்தை பதிஞ்சுபோகும். அவை வந்து பாக்கேக்கை பழைய கட்டிலெண்டு நினைச்சுப்போடுவினம். பாத்திட்டுப் போகட்டும், பிறகு படுக்கிறன்."

ஆர் அவையெண்டு கேக்கிறியள். கேப்பியளெண்டு தெரியும்.

அவர் வாசலிலை நிண்டு கேட்ட கேள்வியைச் சொல்லுறன். "பிள்ளை, இந்தக் காசிலை டிக்கெட் எடுத்தாப் பிழையோ?" இதுதான். பிழையில்லை ஐயா, போட்டு வாங்கோ எண்டு நான் சொல்லோணுமெண்டுதான் அந்த மனுசன் விடியக் காலமை அந்தக் குளிரிலை வந்து நிண்டது. முகத்திலை எழுதியிருந்தது. எழுபத்தெட்டு வயசிலை, வாழ்க்கையிலை முதல் தரம் ஒரு பிழை செய்ய ஆயத்தமா வந்து நிண்டார். ஒரு ஆள் தலையாட்டினாக் காணும்.

நான் என்ன சொன்னன் தெரியுமோ? "ஐயா, ஆக்கள் வீட்டை வந்து பாப்பினம். கட்டில் இல்லையெண்டா உங்களையும் பிடிப்பினம், எழுதினவையையும் பிடிப்பினம். கட்டிலை வாங்கி வையுங்கோ" எண்டன்.

ஆரும் வாறதில்லைத் தம்பி. பதினொரு வருசமாக் கட்டில் எழுதுறன், ஒரு காகமெண்டாலும் வந்து யன்னலாலை எட்டிப் பாத்ததில்லை.

பயம். வேறை ஒண்டுமில்லை, பயம். அதுக்கு முதல் கிழமை சறோ எண்ட பிள்ளையை உதவிக்காசுக் கந்தோருக்குக் கூப்பிட்டு விசாரிச்சவை. அது வேறை விசயம், புருசன் இல்லையெண்டு சொல்லிப்போட்டுப் புருசனோடை இருந்தவள். ஆனா இந்தப் போமெல்லாம் ஆர் நிரப்பித் தாறதெண்டும் கேட்டவையாம். தான் என்ரை பேரைச் சொல்லேல்லை எண்டாள். சொல்லேல்லை எண்டு சொன்ன விதத்திலையே சொல்லிப்போட்டாள் எண்டு எனக்கு விளங்கீட்டுது. நான் கிழமைக்கு மூண்டு நாள் ஒரு சாப்பாட்டுக் கடையிலை வெங்காயம் வெட்டுறனான், கணக்கிலை வராத கைக்காசுக்கு. உதவிக்காசும் எடுக்கிறன். அது வேறை கதை, எல்லாரும் செய்யிறதுதான். ஒரு மாசம் ஆரும் என்ரை பேரை எடுக்காமல் இருந்தாக் காணும், பிறகு எல்லாம் அடங்கீடும் எண்டு நினைச்சன். ஒரு மாசம்தான் கேட்டனான். அந்தப் பரிபூரணத்துக்கும் அந்த ஒரு மாசந்தான் இருந்தது.

அடங்கீட்டுது, ஓம். ஒரு கடிதமும் வரேல்லை. நான் தப்பீட்டன்.

அவர்தான் இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறார். திங்களிலையிருந்து வெள்ளி வரைக்கும், ஒன்பது மணியிலையிருந்து அஞ்சு மணி வரைக்கும் வெளியிலை போறதில்லை. கந்தோர் நேரமெல்லோ, வந்து கதவைத் தட்டேக்கை ஆளில்லாட்டி என்ன நினைப்பினம். காலமை முழுகி, தோச்ச சேட்டுப் போட்டு, கதிரையிலை இருப்பார். கடையள் பூட்ட முன்னம் பாண் வாங்க ஓடுவார். அதுக்குத்தான் இந்தப் புட்டு. நிலத்திலை படுத்துப் படுத்து இப்ப இடுப்பு நிமிருதில்லை. இருமல். போன கிழமை பாயிலையிருந்து எழும்ப ஏலாமல் கட்டில் காலைப் பிடிச்சுக்கொண்டு எழும்பிறதைப் பாத்தன். நான் போற ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து எனக்குப் பின்னாலை ஆரும் வாறினமோ எண்டு பாப்பார். "இன்னும் வரேல்லைப் பிள்ளை" எண்டுவார். "வருவினம் ஐயா" எண்டு நான் சொல்லுவன்.

உண்மையைச் சொல்லுங்கோ எண்டு நீங்கள் லேசாச் சொல்லிப்போட்டியள். சொன்னனான். செவ்வாய்க்கிழமை, பெட்டியை மேசையிலை வைச்சிட்டு, "ஐயா, ஆரும் வரமாட்டினம், நீங்கள் கட்டிலிலை படுங்கோ" எண்டு சொல்லிப்போட்டன். வாயாலை வந்திட்டுது. அவர் என்னைப் பாத்தார். கோவமில்லை. கணக்குப் பாக்கிற மாதிரி மெல்ல மெல்லப் பாத்தார்.

"வரமாட்டினமெண்டா, நான் போயிருக்கலாமோ பிள்ளை?"

நீங்கள் அந்த இடத்திலை நிண்டிருந்தா என்ன சொல்லியிருப்பியள்? ஓம் எண்டு சொல்லியிருப்பியளோ? என்னாலை ஏலேல்லை. "இல்லை ஐயா, இந்த மாசம் வரமாட்டினம் எண்டு சொன்னனான், கட்டாயம் வருவினம்" எண்டன். அந்த மனுசன் மூச்சை விட்டுப்போட்டுக் கதிரையிலை இருந்தார் தம்பி. ஆறுதலா. அவை வருவினமெண்டது அவருக்கு ஆறுதல். அவை வந்தாத்தானே அவர் போகாமல் விட்டதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. கீழை இறங்கி வந்து படியிலை இருந்து அழுதன். நான்தான் அந்தச் சகோதரங்களைப் பிரிச்சனான். பில் வைச்சு, கையெழுத்து வைச்சுப் பிரிச்சனான்.

ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. முழங்கால் நோ எண்டது உண்மைதான், ஆனா முன்னாலை ரெண்டு சீட் வெறுமையாக் கிடந்தது. உங்கடை கழுத்திலை படம் போட்ட அந்த மட்டையைக் கண்டுதான் இஞ்சை வந்து இருந்தனான். கோட்டும் போட்டிருக்கிறியள். வேலை முடிஞ்சு வாறியள் போலை. எந்தக் கந்தோரெண்டு எனக்குத் தேவையில்லை, அவருக்கும் அந்த எழுத்து இப்ப தெரியாது, கண் மங்கல்.

பத்து நிமிசம் தம்பி. பத்தும் வேண்டாம், அஞ்சு. மூண்டாம் மாடி, லிப்ட் இருக்கு. தமிழெண்டு காட்டிக்கொள்ளாதேங்கோ, இங்கிலீசிலை கதையுங்கோ, அவருக்கு நல்ல இங்கிலீசு விளங்கும். அவர் பில்லைக் காட்டுவார், வாங்கிப் பாருங்கோ. கட்டிலை ஒருக்காத் தட்டிப் பாருங்கோ. ஒரு துண்டிலை ஏதாவது எழுதுங்கோ, எழுதினாத்தான் அவர் நம்புவார். தேத்தண்ணி தருவார், குடியுங்கோ.

தலையாட்டுறியள். ஓமெண்டோ இல்லையெண்டோ எனக்கு விளங்கேல்லை. அடுத்த தரிப்புத்தான், மணியை அடியுங்கோ.

ரெண்டே ரெண்டு சொல்லுத்தான் சொல்லோணும். கட்டில் சரி, இனிப் படுக்கலாம் எண்டு ஒண்டு. நீங்கள் செய்தது சரி ஐயா எண்டு மற்றது. முதலாவதை மறந்தாலும் பரவாயில்லை, ரெண்டாவதை மறந்துபோடாதேங்கோ.